லீக்குக்கு வைத்த உடம்பு

திண்டிவனம் கால்பந்து அணிக்கு நான் பல வருடங்கள் முதல் கோல்கீப்பராக இருந்தேன். அத்தனை வருடங்களில் ஒரு மேட்சில்கூட நான் பந்தைத் தொட்டதில்லை. இதைச் சொன்னால், ஏதோ பெரிய அடி பட்டிருக்கும் போல என்று எல்லோரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள். எனக்கு எந்த அடியும் படவில்லை. பிரச்சினையே அதுதான்.

விழுப்புரத்தைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருடம், எங்கள் அணியின் பழைய கோல்கீப்பர் துபாய்க்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் வந்தோம். ஒருவன் நான். எங்களுக்குப் பெருமுக்கல் பக்கத்தில் கொஞ்சம் நிலம். நான் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடும் வேலையில் இருந்தேன். இன்னொருவன் மரக்காணத்துக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்தவன். காலையில் மீன் கூடையோடு பஸ் ஏறி வந்து மார்க்கெட்டில் விற்றுவிட்டு, சாயங்காலம் மைதானத்துக்கு வருவான். அவனை எல்லோரும் மரக்காணம் என்றே கூப்பிட்டோம். வலை இழுத்துப் பழகிய கை அவனுக்கு. பந்தைப் பிடித்துவிட்டால் அது மறுபடி வெளியே வர அவனிடம் அனுமதி வாங்க வேண்டும்.

யார் முதல், யார் இரண்டாவது என்று முடிவு செய்ய வேண்டியவர் எங்கள் செயலாளர். அவர் ஊரில் கேபிள் டிவி நடத்தினார். பந்து, ஜெர்சி, பஸ் செலவு எல்லாம் அவருடையது. அதனால் அணியின் சட்டமும் அவருடையது. எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிக் கோலில் நிறுத்தி, மற்றவர்களைப் பெனால்டி அடிக்கச் சொன்னார். மரக்காணத்தைவிட ஒரு பந்து கூடுதலாக நான் தடுத்தேன். "நீதான்டா மொத கீப்பர்" என்று என் முதுகில் தட்டினார்.

அன்றைக்கு அணி முழுவதற்கும் நான் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மரக்காணம் ஒரு மூலையில் உட்கார்ந்து சால்னாவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாய்கூட வைக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தைக் கொஞ்சம் எனக்கென்று எடுத்து வைத்திருக்கலாம் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

முதல் மேட்ச் முகையூரில், ஏதோ ஒரு சுழற்கோப்பை. ஜெர்சி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு கோலை நோக்கி நடந்தேன். செயலாளர் பின்னால் ஓடி வந்து என் கையைப் பிடித்தார்.

"எங்க போற? ஒக்காரு."

"இன்னாண்ணா, நான்தான மொத கீப்பர்?"

"அதனாலதான் ஒக்காருங்கறேன். இது கப்பு மேட்சு. கப்பு மேட்சுல மொத கீப்பர எறக்க மாட்டாங்க. ரெண்டாவது கீப்பர்தான் நிப்பான்."

"யாரு சொன்னா?"

"வெளிநாட்ல பெரிய டீமுங்கள்லாம் அப்பிடித்தான் பண்ணிக்கினு கீறான். டிவில பாத்துக்கினுதான இருக்கேன். மொத கீப்பர லீக்குக்கு பத்திரமா வச்சிருப்பான். கப்புக்கு ரெண்டாவது ஆளு. அவன்லாம் இன்னா கேனையனா?"

"அப்ப நான் எந்த மேட்ச்ல ஆடறது?"

"லீக்ல."

"நம்ம பக்கம் லீக் எங்கண்ணா கீது?"

"மாவட்டம் பிரிச்சிட்டாங்க இல்ல? இனிமே வரும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. வெளிநாட்டு அணிகளில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதைப் பின்னாளில் நானும் டிவியில் பார்த்தேன். ஆனால் அந்த ஊர்களில் வருடம் முழுவதும் எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் மோதுகிற லீக் என்று ஒன்று நடந்தது. எங்கள் பக்கத்தில் நடந்ததெல்லாம் கோப்பைகள்தான். பொங்கலுக்கு ஒரு கோப்பை, சுதந்திர தினத்துக்கு ஒரு கோப்பை, யாராவது வசதியானவர் செத்தால் அவர் நினைவாக ஒரு கோப்பை. தோற்றால் அன்றே பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். லீக்கை எங்களில் யாரும் கண்ணால் கண்டதில்லை. செயலாளர் அதைப் பெரிய குறையாக நினைக்கவில்லை.

அன்று முகையூரில் மரக்காணம்தான் ஆடினான். கையுறைகூட இல்லாமல் எல்லாப் பந்தையும் பிடித்தான். நான் மைதானத்துக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியும், வெயிலுக்கு ஒரு குடையும், எனக்கென்றே செயலாளர் கொண்டுவந்தவை. மற்ற மாற்று ஆட்டக்காரர்கள் மண்ணில் உட்கார்ந்தார்கள். இடைவேளையில் சாத்துக்குடிச் சுளை முதலில் எனக்குத்தான் வந்தது. ஓடிக் களைத்தவர்கள் அதற்குப் பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள்.

நாளாக ஆக என் மரியாதை கூடிக்கொண்டே போனது. பயிற்சியில் நான் தாவக் கூடாது என்று தடை வந்தது. "கீழ வுழுந்து எலும்பு கிலும்பு போச்சுன்னா லீக்குக்கு நான் எங்க போவேன்?" என்று கேட்டார். பந்து தாழ்வாக வந்தால் நான் குனிய மட்டும் செய்யலாம். கூட்டம் கூடுகிற உயரப் பந்துக்குப் போகவே கூடாது. நான் மண்டியில் மூட்டை தூக்குகிறேனா என்று பார்க்க ஒருநாள் அங்கேயே வந்துவிட்டார். என் முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, இவன் சாதாரண ஆள் இல்லை, பார்த்து வேலை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். முடிவெட்டும் கடையில் என்னைப் பார்த்தால் காத்திருந்தவர்கள் இடம் விட்டார்கள். "மொத கீப்பரு வர்றாரு" என்பார்கள். எந்த மேட்சில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கோப்பை வரும்போதெல்லாம் சுவரொட்டி ஒட்டுவார்கள். அதில் என் படம்தான் பெரிதாக இருக்கும். அந்தப் படத்தை எடுத்தது ஒரு ஸ்டுடியோவில். கறுப்புத் துணி போர்த்திய ஸ்டூலின் மேல் வயிறு பதியக் குப்புறப் படுக்கவைத்து, கையில் ஒரு பந்தைக் கொடுத்தார்கள். பின்னால் மலையும் ஏரியும் வரைந்த திரை. படத்தில் நான் காற்றில் பறந்து பந்தைப் பிடிக்கிறேன். என் வாழ்க்கையில் நான் அடித்த ஒரே டைவ் அது. ஸ்டூலின் ஒரு கால் மட்டும் ஓரத்தில் லேசாகத் தெரியும்.

சிரிப்பாக இருக்கிறது, தெரியும். ஆனால் எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. எனக்குக் கோலில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. எதிரி ஓடி வர வேண்டும், எனக்கும் அவனுக்கும் நடுவே யாரும் இருக்கக் கூடாது, அந்தப் பந்தை நான் பிடிக்க வேண்டும். கூட்டம் கத்த வேண்டும். ஒரே ஒரு மேட்ச் போதும். அந்த நாற்காலியில் உட்கார்ந்து மரக்காணம் தாவுவதைப் பார்க்கும்போது என் தோள் தானாக ஆடும். குடை சரிந்துவிடும். செயலாளர் வந்து நிமிர்த்திவிட்டுப் போவார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். விழுப்புரத்தில் பெண். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர், சின்ன வயதில் அவரும் கோல்கீப்பர் என்று தரகர் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், நான் பறக்கிற படத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். நிலத்தைப் பற்றியும் மண்டி வேலையைப் பற்றியும் சொன்னதைவிட, மாப்பிள்ளை முதல் கோல்கீப்பர் என்பதைத்தான் அதிகம் சொல்லியிருக்கிறார்.

பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு. இரண்டு கையையும் அதற்குள் வைத்திருந்தார். பஜ்ஜியைத் தொடவில்லை. பெரிய மனிதத் தோரணை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பெண் காபி கொண்டுவந்தாள். நான் டம்ளரை எடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களையே பார்த்தாள். நகம் வெட்டாமல் வந்துவிட்டோமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. பெரியவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

"நெஜமாவே நீங்கதான் மொத கீப்பரா?"

"ஆமாங்க" என்றேன். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

அவள் முகம் வாடியது. அதை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இவள்தான், இவள் இல்லாவிட்டால் வேறு யாரும் வேண்டாம் என்று அந்தக் காபி ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

கிளம்பும்போது அவள் அப்பா சொன்னார். "நெலம், வேல எல்லாம் விசாரிச்சிட்டேன். கொறையில்ல. மாப்ள கோல்ல நிக்கறத மட்டும் ஒரு தபா என் கண்ணால பாத்துட்டு சொல்றேன். அடுத்த மாசம் இங்கயே கப்பு நடக்குது. உங்க டீமும் வருதாமே?"

திண்டிவனம் வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

"கப்புலயா?" என்றார். "அது எப்பிடி முடியும்? உன்ன கப்புல எறக்கினா பாக்கறவன் இன்னா நெனப்பான்? இந்த டீமுக்கு வெவரம் தெரியலன்னு நெனப்பான்."

"அண்ணா, இது கல்யாண விஷயம்ணா."

"கல்யாணம் இந்தப் பொண்ணு இல்லன்னா இன்னொரு பொண்ணு. லீக்குக்கு முன்னாடி அடிபட்டுட்டா யாரு பதில் சொல்றது?"

கெஞ்சினேன், கோபித்தேன். கடைசியில் ஒரே ஒரு வழி சொன்னார். என் ஆட்டம் கெட்டுப்போனால் என்னை இரண்டாவது கீப்பராக இறக்கிவிடுவார். இரண்டாவது கீப்பர் கோப்பையில் ஆடலாம். அது நியாயம். பயிற்சியில் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்.

எனக்கு உயிர் வந்தது. மோசமாக ஆடுவது என்ன பெரிய வித்தையா? மறுநாள் சாயங்காலம் மரக்காணத்திடம் விஷயத்தைச் சொன்னேன். இந்த ஒரு மாதம் கொஞ்சம் நன்றாக ஆடிவிடு, நீ முதல் ஆகிவிடுவாய், நான் இரண்டாவது ஆகிவிடுவேன் என்றேன். அவன் முகம் இருண்டுவிட்டது.

"ண்ணா, உனுக்கு ஒரு மேட்சு. எனுக்கு? நான் மொத கீப்பர் ஆயிட்டன்னா என் கத முடிஞ்சிச்சு. அப்பறம் அந்தச் சேர்ல ஒக்காந்துக்கினு நான் இன்னா பண்றது? சாத்துக்குடி துண்றதா?"

"ஒரு தபாடா. அப்பறம் மாத்திக்கலாம்."

"அவரு மாத்துவாரா? சொல்லு, மாத்துவாரா? மன்னிச்சுக்கண்ணா. எனுக்கு வுட மனசில்ல."

அவன் சொன்னது சரிதான். அதனால் எனக்குக் கோபம் அதிகமாகத்தான் வந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் போட்டி. பந்து இடது பக்கம் வந்தால் நான் வலது பக்கம் நகர்ந்தேன். மரக்காணம் பந்து வரும் நேரத்தில் குனிந்து ஷூ கயிறு கட்டினான். அவன் அதுவரை ஷூவே போட்டதில்லை. இதற்காகவே யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தான். நான் சட்டையைக் கழற்றி, எதிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வலையில் காயப்போட்டேன். அவன் காலில் முள் குத்திவிட்டது என்று கோலுக்கு நடுவிலேயே உட்கார்ந்து பிடுங்கினான். பல மாதங்களாக ஒரு கோல்கூடப் போடாத எங்கள் சென்டர் ஃபார்வர்டு, தனக்குத் திடீரென்று கால் திறந்துகொண்டது என்று நம்பிவிட்டான். இனிமேல் எல்லா ஃப்ரீ கிக்கும் தனக்குத்தான் என்று மற்றவர்களோடு சண்டைக்குப் போனான்.

செயலாளர் கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து அசையாமல், ஒரு மெதுவான பந்தைக் காலுக்கு நடுவில் உருண்டு போக விட்டேன். அவர் மற்றவர்களைக் கூப்பிட்டார்.

"பாத்துக்கங்கடா. இதான் கிளாஸு. பிராக்டீஸ் பந்துக்குல்லாம் ஒடம்ப வீணாக்க மாட்டேங்கறான் பாரு."

அடுத்த பந்தை மரக்காணம் அதே போல விட்டான். செயலாளர் பாய்ந்தார். "இன்னாடா, மொத கீப்பர் மாதிரி ஸ்டைல் காட்டறியா? நீ ரெண்டாவதுடா. ஒழுங்கா தாவு."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. மறுநாள் அதே ஆத்திரத்தில், வந்த பந்தையெல்லாம் பிடித்தேன். தடையை மீறித் தாவினேன், புரண்டேன், முழங்கையைத் தேய்த்துக்கொண்டேன். செயலாளர் கண்கலங்கிவிட்டார். "இதுக்குத்தான்டா இவன் மொதல்" என்றார். நன்றாக ஆடினாலும் நான் முதல்தான், கெடுத்து ஆடினாலும் முதல்தான். இந்த மனிதரிடமிருந்து தப்பிக்க வழியே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த நாள் வந்தது. விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத்து மைதானம். எதிரணி பக்கத்து ஊரான காணை. கரும்பு வெட்டித் திரண்ட உடம்புகள். பெண்ணும் அவள் அம்மாவும் மைதானத்தை ஒட்டிய ஒரு சொந்தக்காரர் வீட்டு மாடியில் நின்றார்கள். அவள் கட்டியிருந்த மஞ்சள் புடவை எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்பா கூட்டத்தோடு நிற்காமல் நேராக என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கையில் அதே துண்டு.

"மாப்ள எப்ப எறங்குவாரு?" என்று செயலாளரைக் கேட்டார்.

"அவரு எறங்க மாட்டாருங்க. அவரு லீக்குக்கு. இந்த மாதிரி மேட்சுக்குல்லாம் அவர வீணாக்கறதில்ல." செயலாளர் அவர் கேட்காததையும் விளக்கினார். வெளிநாடு, டிவி, மாவட்டம் பிரித்தது எல்லாம் வந்தது. நான் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் மரக்காணம் தண்ணீர் குடிக்க வந்தான். என்னைப் பார்த்தான். பின்னால் நின்ற மனிதரைப் பார்த்தான். மாடியைப் பார்த்தான். வாயைத் துடைத்துக்கொண்டு போனான்.

இரண்டாவது பாதியில் ஒரு குழந்தைகூடப் பிடித்துவிடும் பந்து அவனிடம் வந்தது. பிடித்தான். பிடித்துவிட்டுப் பொத்தென்று விழுந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு "ஐயோ, ஐயோ" என்று புரண்டான். புரளும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். தன் மேட்சை எனக்குக் கொடுக்கிறான் என்று புரிந்தது. எழுந்தேன். கையுறையை மாட்டினேன்.

செயலாளர் எங்கள் லெஃப்ட் பேக்கைக் கூப்பிட்டார். "டேய், நீ போய் கோல்ல நில்லு."

லெஃப்ட் பேக் ஒரு பேக்கரியில் வேலை செய்பவன். அணியிலேயே குள்ளம். கையைத் தூக்கிக் குதித்தாலும் மேல் கம்பத்துக்கும் அவனுக்கும் நடுவே ஏகப்பட்ட ஆகாயம் இருக்கும்.

"அண்ணா, நான் இருக்கேன்ணா!" என்று கத்தினேன்.

"நீ இருக்க. அது எனக்குத் தெரியும். ஒக்காரு."

நான் மைதானத்துக்குள் ஓடினேன். அவர் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். நான் இழுக்க, அவர் தொங்க, கூட்டம் மேட்சை விட்டுவிட்டு எங்களைப் பார்த்து விசில் அடித்தது. நடுவர் வந்தார். என்னைப் பார்த்து, "இவர் யாரு? இவர் பேரே நீங்க குடுக்கலயே?" என்றார். என் பெயரைக் கொடுத்தால் ஒருவேளை இறக்க வேண்டி வந்துவிடுமே என்று செயலாளர் முகையூர் நாளிலிருந்தே என் பெயரை எங்கேயும் கொடுத்ததில்லை. சட்டப்படி நான் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொள்ள வந்தவன், அவ்வளவுதான்.

லெஃப்ட் பேக் கோலில் போய் நின்றதையும், அவன் இடத்துக்கு மாற்று ஆள் ஒருவன் இறங்கியதையும் பார்த்ததும் மரக்காணத்துக்கு வலி போய்விட்டது. குதித்து எழுந்து, "சார், சரியாப்பூடுச்சு சார், நானே நிக்கறேன் சார்" என்று நடுவரின் பின்னால் ஓடினான். மாற்றியது மாற்றியதுதான் என்று அவர் சொல்லிவிட்டார். காணைக்காரர்கள் அவசரமே படாமல் கோல் போட்டார்கள். நாங்கள் தோற்றோம். மரக்காணம் கோட்டோரம் உட்கார்ந்து மண்ணை அள்ளித் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

பெண்ணின் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். இதுவரைக்கும் எத்தன மேட்ச் ஆடியிருக்கீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். மாடியில் மஞ்சள் புடவை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. எல்லாம் போயாகிவிட்டது, இதில் பொய் வேறு எதற்கு என்று தோன்றியது.

"ஒண்ணுகூட ஆடலீங்க."

"ஒண்ணுகூடவா?"

"பிராக்டீஸ்ல கீழ வுழக்கூட வுட மாட்டாருங்க."

"கையக் காட்டுங்க."

கையுறையைக் கழற்றி நீட்டினேன். அவர் அப்போதுதான் தன் கைகளைத் துண்டிலிருந்து வெளியே எடுத்தார். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன. சில மடங்கவில்லை, சில நிமிரவில்லை. அந்த விரல்களால் என் விரல்களைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"கப்பு கப்பா ஆடினேன் தம்பி. ஒவ்வொரு கப்புக்கும் ஒரு வெரலு. சோத்தப் பெசைய வராது. கல்யாணம் ஆனதுலருந்து எம் பொண்டாட்டி பெசஞ்சு குடுத்தா. அப்பறம் எம் பொண்ணு. ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குப் பெசஞ்சு வச்சிட்டுத்தான் போவா. போற வூட்லயும் அவ அதையே பண்ணணுமான்னுதான் எனக்கு பேஜாரு. உயிர வுட்டுத் தாவறவனா இருந்தா அப்பிடியே திரும்பிப் போயிடலாம்னுதான் பாக்க வந்தேன்."

அவர் மாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மஞ்சள் புடவை சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டது. பிறகு செயலாளரிடம் போய்க் கை இரண்டையும் குவித்தார். குவியவில்லை, மணிக்கட்டுகள்தான் சேர்ந்தன.

"சார், இவர இப்பிடியே வச்சிருங்க சார்."

"அது என் பொறுப்புங்க" என்றார் செயலாளர். தோற்ற அணியின் செயலாளர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் பார்த்ததே இல்லை.

எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அதோடு சேர்ந்து ஆத்திரமும் வந்தது. அவள் கிடைத்துவிட்டாள். ஆனால் கோல் கம்பங்களுக்கும் எனக்கும் நடுவே இப்போது செயலாளரோடு ஒரு மாமனாரும் சேர்ந்து நின்றார். கல்யாண வரவேற்புப் பலகையில் நான் ஸ்டூலில் பறந்துகொண்டிருந்தேன். மாமனார் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். மரக்காணம் கோப்பை கோப்பையாக ஆடினான். நான் கையுறையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருந்தேன். லீக் வரவில்லை. மாமனாரும் ஒருநாள் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு, எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலத்தில், செயலாளர் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு முட்டிவலி. கேபிள் தொழிலை எப்போதோ விட்டிருந்தார். அணியில் இப்போது இருந்தவர்கள் எல்லாம் புதுப் பையன்கள்.

"லீக்கு வந்துடுச்சுடா" என்றார். "மொத மேட்சு விழுப்புரத்துல. ஜல்தியா ரெடியாவு. நீதான் நிக்கற."

எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, தொப்பை, கண்ணாடி. வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். செயலாளரோ வாக்கு வாக்குதான் என்றார். என் மனைவி பீரோவிலிருந்து கையுறையை எடுத்து வெயிலில் வைத்தாள்.

அதே மைதானம். அதே காணை, அந்தப் பழைய ஆட்களின் பிள்ளைகளோ என்னவோ. மரக்காணமும் வந்திருந்தான். இப்போது சொந்த வேனில் மீன் வியாபாரம் செய்கிறான். கப்பு மேட்ச் இல்லை என்பதால் நாற்காலியும் குடையும் சாத்துக்குடியும் அவனுக்குப் போயின. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். மனைவியும் மகளும் கோலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். மகள் போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். நான் கோலில் போய் நின்றேன். கம்பத்தைத் தொட்டுப் பார்த்தேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் ஆயுசு முழுக்கக் கேட்டது இதுதான்.

ஒரு பையன் எல்லோரையும் தாண்டித் தனியாக ஓடி வந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவே யாரும் இல்லை. ஓங்கி அடித்தான். பந்து நேராக என் நெஞ்சுக்கு வந்தது. எங்கேயும் தாவ வேண்டாம், நின்றாலே போதும். பிடி என்று மனது கத்தியது.

என் உடம்பு ஒரு அடி தள்ளி நின்று வழிவிட்டது. கைகள் இரண்டும் தாமாகவே அக்குளுக்குள் போய் ஒளிந்துகொண்டன. இத்தனை வருடம் லீக்குக்காகப் பத்திரமாக இரு, பத்திரமாக இரு என்று பழக்கிய உடம்பு. அது பத்திரமாக இருந்துவிட்டது. பந்து வலைக்குள் போய் விழுந்தது.

காணைப் பையன்கள் கத்திக்கொண்டு குதித்தார்கள். செயலாளர் மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு கோட்டோரமாக நொண்டி ஓடிவந்தார். "அடி படலயே? அடி படலயே?" என்று கேட்டார். மரக்காணம் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இடைவேளையில் செயலாளர் என்னை வெளியே எடுத்துவிட்டார். அடுத்த லீக் மேட்சுக்கு நான் வேண்டுமாம்.

கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அழுதேன். நாற்பது வயதுக்கு மேல் ஒரு ஆண், அரை டவுசரில் உட்கார்ந்து அழுவது நன்றாக இருக்காது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை. மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையுறையைக் கழற்றினாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள்.

"எங்கப்பா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள். தட்டுப் போட்டபோது நான் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பாத்திரத்தில் பிசைந்தேன். மகள் இன்னும் அந்த வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு உருண்டை பிடித்து மனைவியிடம் நீட்டினேன். சின்ன வயதிலிருந்து தன் அப்பாவுக்குப் பிசைந்து போட்ட அவள், எனக்கு முன்னால் உட்கார்ந்து, கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.